விதை முதல் பழம் வரை: வீட்டுத் தோட்டத்தில் தர்பூசணி



வெயில் காலம் வந்துவிட்டால் தெருவெங்கும் பச்சைக் குவியல்கள். வெட்டி வைத்தால் உள்ளே செக்கச் செவேல் என்று சிவப்பு. அதுதான் தர்பூசணி.

இந்தப் பழத்துக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். வட தமிழ்நாட்டில் சில ஊர்களில் கோசாப்பழம் என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் வத்தகப்பழம் என்பார்கள். மராத்தி மொழியில் இதன் பெயர் கலிங்கட்.

பெயர் எதுவானாலும் பழம் ஒன்றுதான். நூறு பங்கில் 92 பங்கு தண்ணீர்தான். வெயிலில் உழைத்து வருபவருக்கு உடனே களைப்புத் தீரும்.

இந்தப் பழத்தை நம் வீட்டிலேயே வளர்க்க முடியுமா? முடியும். அதற்கு மண், வெயில், தண்ணீர் வேண்டும். இன்னொன்றும் வேண்டும். அது என்ன? இந்தப் பாடத்தைப் படித்தால் தெரியும்.

1. மாமியாரும் மருமகளும்

புனே நகரில் கோர்படி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. அங்கே ஒரு வீட்டை நாம் மனத்தில் நினைத்துக்கொள்வோம்.

வீட்டின் பின்புறம் கொஞ்சம் இடம். பத்து அடி நீளம், எட்டு அடி அகலம். அந்த வீட்டில் ஒரு மாமியார், ஒரு மருமகள். மாமியார் திண்டிவனம் பக்கத்துக்காரர். அங்கே வயல்களில் தர்பூசணி நிறைய விளையும். சிறு வயதில் அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர் அவர். படிக்கத் தெரியாது. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். மருமகள் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர்.

போன வருடம் இருவரும் தர்பூசணி போட்டார்கள். பலன் கிடைக்கவில்லை.

"அத்தை, இந்த வருஷமும் விதை போடப் போறீங்களா?" என்று கேட்டாள் மருமகள்.

"ஆமாம்மா. ஏன் கேக்கிறே?"

"போன வருஷம் ஜூன் மாசம் போட்டோம். மழையில பாதி அழுகிப் போச்சு. தப்பிச்ச கொடியில ஒரே ஒரு காய். அதையும் அவசரப்பட்டு அறுத்தோம். உள்ளே வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. விதை வாங்கின காசும் போச்சு. ஊத்தின தண்ணியும் போச்சு."

மாமியார் சிரித்தார். "அப்போ எனக்கு எழுதத் தெரியாது. எந்தத் தேதியில என்ன செஞ்சோம்னு மனசிலே வச்சிருந்தேன். மறந்து போச்சு. இந்த வருஷம் எழுதி வைக்கப் போறேன்."

ஆம், வாசகர்களே. மண், வெயில், தண்ணீரோடு வேண்டிய நான்காவது பொருள் ஒரு பென்சில். எழுதி வைத்தால் ஏமாற மாட்டோம்.

2. விதைப் பொட்டலத்தைப் படியுங்கள்

விதை வாங்கும்போது பொட்டலத்தின் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். படம் எல்லாப் பொட்டலத்திலும் அழகாகத்தான் இருக்கும். அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி விதைப் பொட்டலத்தின் மேல் சில விவரங்கள் இருக்க வேண்டும். பயிரின் பெயர், ரகத்தின் பெயர், எத்தனை விதை முளைக்கும் என்ற கணக்கு, சோதித்த தேதி ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

புனேயில் வாங்கும் பொட்டலத்தில் தமிழ் இருக்காது. மராத்தி அல்லது ஆங்கிலம் இருக்கும். அதற்காகத் தயங்க வேண்டாம். தேதியும் கணக்கும் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த எண்களில்தான் இருக்கும். மராத்திச் சொற்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் கடைக்காரரிடம் கேட்கலாம்.

பியாணே என்றால் விதை.
வாண் என்றால் ரகம்.
உகவண என்றால் முளைப்பு.
தினாங்க் என்றால் தேதி.
சங்கரித் என்றால் வீரிய ஒட்டு விதை.

ஒரு பொட்டலத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பயிர்: கலிங்கட்
ரகம்: சுகர் பேபி
முளைப்பு: 60 சதவீதம்
சோதித்த நாள்: 05-11-2025
செல்லும் கடைசி நாள்: 04-08-2026

60 சதவீதம் என்றால் என்ன? நூறு விதை போட்டால் 60 விதையாவது முளைக்கும் என்று பொருள். பத்து விதை போட்டால் 6 முளைக்கும். ஆகவே ஒரு குழிக்கு ஒரே விதை போட்டால் போதாது. நான்கு போட வேண்டும்.

சோதித்த நாளிலிருந்து 9 மாதம் வரை அந்தக் கணக்கு செல்லும். கடைசி நாள் கடந்த பொட்டலத்தை வாங்காதீர்கள். கடைக்காரர் விலையைக் குறைத்தாலும் வாங்காதீர்கள். பணம் குறையும். முளைப்பும் குறையும்.

இன்னொன்று. சில விதைகள் சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசியது போல் இருக்கும். அது பூச்சி, நோய் வராமலிருக்கப் பூசிய மருந்து. அந்த விதையைத் தின்னக் கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எந்த ரகம் வாங்கலாம்?

வீட்டுத் தோட்டத்துக்குச் சுகர் பேபி ஏற்றது. பழம் சிறியது. மூன்று முதல் ஐந்து கிலோ இருக்கும். தோல் கரும்பச்சை. ஏறக்குறைய 85 நாளில் பழம் கிடைக்கும். அர்கா மாணிக் என்று ஒரு ரகம் உண்டு. அதைப் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. பழம் பெரியது. மெல்லிய பச்சைத் தோலில் கரும்பச்சைக் கோடுகள் இருக்கும். தமிழ்நாட்டில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம் பி.கே.எம்.1. பெரிய பழம் தரும் ரகத்துக்கு இடமும் அதிகம் வேண்டும்.

3. எப்போது விதைப்பது?

தர்பூசணியின் பிறந்த வீடு ஆப்பிரிக்கா. வெயிலும் வறட்சியும் உள்ள இடம். சூடான் நாட்டில் கொர்டோஃபான் என்ற பகுதி இருக்கிறது. அங்கே விளையும் ஒரு வகைதான் நம் தர்பூசணிக்கு மிக நெருங்கிய உறவு என்று 2021-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். எகிப்து நாட்டில் துட்டன்காமன் என்ற அரசர் இருந்தார். அவர் இறந்து மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவருடைய கல்லறையிலும் தர்பூசணி விதை கிடைத்தது. அவ்வளவு பழைய பயிர் இது.

பிறந்த வீட்டுக் குணம் மாறுமா? தர்பூசணிக்கு வெயில் பிடிக்கும். குளிர் பிடிக்காது. வேரில் தண்ணீர் தேங்கினால் பிடிக்கவே பிடிக்காது.

புனேயில் டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் நல்ல குளிர். அப்போது விதைத்தால் முளைக்கத் தாமதமாகும். ஜூன் மாதத்தில் மழை தொடங்கிவிடும். அப்போது கொடி அழுகும். ஆகவே ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி நடுவரை விதைக்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ பழம் கிடைத்துவிடும். மழைக்கு முன் வேலை முடிந்துவிடும்.

மாமியார் ஒரு நோட்டை எடுத்தார். முதல் வரியை எழுத்துக் கூட்டி எழுதினார்.

விதைத்த நாள்: பிப்ரவரி 1.

4. குழியும் சாக்கும்

தர்பூசணிக்கு ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் வெயில் வேண்டும். மர நிழல், சுவர் நிழல் ஆகாது. முதலில் இடத்தைப் பாருங்கள். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாருங்கள். மூன்று முறையும் வெயில் இருந்தால் நல்ல இடம்.

ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டுங்கள். தோண்டிய மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழு உரம் கலக்குங்கள். இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்க்கலாம். கரிசல் மண்ணாக இருந்தால் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதனால் ஒரு கூடை மணலும் கலக்குங்கள். கலந்த மண்ணைக் குழியில் போட்டு, தரையைவிட அரை அடி மேடாக்குங்கள். மேட்டில் தண்ணீர் தேங்காது.

பச்சைச் சாணம் போடாதீர்கள். அது மக்கும்போது சூடு உண்டாகும். வேர் கருகும்.

பின்புறத்தில் மண் தரை இல்லையா? மொட்டை மாடி இருக்கிறதா? 50 கிலோ அரிசிச் சாக்கு ஒன்று போதும். அடியில் பத்து ஓட்டை போடுங்கள். அதே மண் கலவையை நிரப்புங்கள். ஒரு சாக்குக்கு ஒரே செடி. ஆசைப்பட்டு இரண்டு வைத்தால் இரண்டும் வாடும். நனைந்த மண் மிகவும் கனமாக இருக்கும். அதனால் சாக்கை மாடியின் நடுவில் வைக்காமல், சுவர் வரும் ஓரத்தில் வையுங்கள்.

5. விதைப்பதும் களைவதும்

மருந்து பூசாத விதையை முதல் நாள் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். மறுநாள் காலை விதையுங்கள். மருந்து பூசிய விதையை ஊற வைக்க வேண்டாம். அப்படியே விதைக்கலாம்.

ஆள்காட்டி விரலின் முதல் கணு அளவு ஆழம் போதும். அதாவது ஓர் அங்குலம். ஒரு குழிக்கு நான்கு விதை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மேலே மண்ணைத் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள்.

நல்ல சூடு இருந்தால் ஐந்து, ஆறு நாளில் முளைக்கும். இரவில் குளிர் இருந்தால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள்.

மாமியார் இரண்டாம் வரி எழுதினார்.

முளைத்த நாள்: பிப்ரவரி 9.

நான்கு விதையில் மூன்று முளைத்திருந்தது. செடிக்கு நான்கு இலை வந்ததும் மாமியார் கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஐயோ அத்தை, என்ன செய்றீங்க?"

"மூணுல நல்லது ஒண்ணை விட்டுட்டு மத்ததை வெட்டப் போறேன்."

"பாவம் அத்தை. இருந்துட்டுப் போகட்டுமே."

"ஒரு தட்டுச் சோறு. மூணு பேர் சாப்பிட்டா யாருக்கு வயிறு நிறையும்?"

வேண்டாத செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். மண்ணோடு சேர்த்து வெட்டிவிட வேண்டும்.

6. ஆண் பூவும் பெண் பூவும்

மார்ச் மாதம் பிறந்தது. கொடி ஓடத் தொடங்கியது. இரண்டாம் வாரம் மஞ்சள் பூக்கள் பூத்தன. மருமகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் இரண்டு நாளில் பூவெல்லாம் கொட்டிவிட்டது.

"அத்தை, எல்லாம் போச்சு. நோய் வந்துடுச்சு போல."

"நோய் இல்லம்மா. அது ஆண் பூ. கொட்டத்தான் செய்யும்."

தர்பூசணிக் கொடியில் இரண்டு வகைப் பூ உண்டு. ஆண் பூ தனி. பெண் பூ தனி. முதலில் வருபவை ஆண் பூக்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் பெண் பூ வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பூவின் காம்பைப் பாருங்கள். ஆண் பூவின் காம்பு வெறும் காம்பாக இருக்கும். பெண் பூவின் அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு குட்டிப் பிஞ்சு இருக்கும். அதன்மேல் மெல்லிய ரோமம் இருக்கும்.

பிஞ்சு இருப்பதாலேயே காய் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஆண் பூவின் மகரந்தத் தூள் பெண் பூவில் சேர வேண்டும். சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். இந்த வேலையைச் செய்வது தேனீ. ஒரு தேனீ ஒரு முறை வந்தால் போதாது. பல முறை வர வேண்டும். மகரந்தம் குறைவாகச் சேர்ந்தால் பழம் ஒரு பக்கம் கோணலாக வளரும்.

நகரத்தில் தேனீ குறைவாக இருந்தால் என்ன செய்வது?

"ஊர்ல தேனீ பாத்துக்கிச்சு. இங்கே நாமதான் தேனீ" என்றார் மாமியார்.

பூ விடியற்காலையில் விரியும். மதியம் மூடிவிடும். மறுநாள் விரியாது. ஆகவே காலை 9 மணிக்குள் இதைச் செய்யுங்கள். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறியுங்கள். அதன் இதழ்களை மெதுவாகக் கிள்ளிவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூள் தெரியும். அந்தத் தூளைப் பெண் பூவின் நடுவில் எல்லாப் பக்கமும் படும்படி மெல்லத் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ எடுத்துக்கொண்டால் நல்லது.

தடவிய உடனே ஒரு வேலை செய்ய வேண்டும். இதுதான் பாடத்தின் உயிர்நாடி. ஓர் ஐஸ் குச்சியில் அன்றைய தேதியை எழுதி, அந்தப் பூவின் அருகே மண்ணில் குத்தி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

மாமியார் குச்சியில் எழுதினார்: மார்ச் 22.

நான்கைந்து நாளில் பிஞ்சு கொஞ்சம் பெருத்து, காம்பை வளைத்துத் தலை கவிழ்ந்தால் காய் பிடித்துவிட்டது என்று பொருள்.

ஒரு கொடியில் இரண்டு பழம் விடலாம். சாக்கில் வளர்ந்த கொடி என்றால் ஒன்று போதும். மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். பத்துப் பிஞ்சு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்றும் பெரிதாகாது.

7. தண்ணீரும் காவலும்

வெயில் காலத்தில் தண்ணீர் பொன் போன்றது. அதை வீணாக்காமல் ஊற்ற வேண்டும்.

விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். வேருக்கு ஊற்றுங்கள். இலை மேல் ஊற்றாதீர்கள். இலை நனைந்தே இருந்தால் நோய் வரும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரைக் கொடிக்கு ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

செடியைச் சுற்றி மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல் அல்லது கரும்புத் தோகையைப் பரப்புங்கள். மண்ணின் ஈரம் சீக்கிரம் காயாது. களையும் வராது.

ஒரு நாள் நிறைய ஊற்றுவது, நான்கு நாள் மறந்துவிடுவது என்று இருக்கக் கூடாது. காய்ந்த கொடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால் பழம் வெடித்துவிடும். சில காய்களில் நுனி கறுத்து அழுகுவதற்கும் இதுவே காரணமாகலாம்.

யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலை செழிக்கும். காய் குறையும். கொடி ஓடத் தொடங்கும்போது ஒரு கூடை மக்கிய உரம் வைத்தால் போதும்.

இனிப் பகைவர்களைப் பார்ப்போம்.

சிவப்பு வண்டு: இளம் செடியின் இலையைச் சல்லடைபோல் ஓட்டை போடும். விடியற்காலையில் வண்டு மந்தமாக இருக்கும். அப்போது கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

பழ ஈ: பிஞ்சைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். புழு உண்டாகிப் பிஞ்சு அழுகும். காய் எலுமிச்சை அளவானதும் பழைய மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அழுகிய பிஞ்சைக் கொடியின் அடியிலேயே போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வையுங்கள். புழு செத்துவிடும்.

அசுவினி: இலையின் அடியில் கூட்டமாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள். மாலையில் தெளியுங்கள். காலையில் தெளித்தால் தேனீக்கும் கேடு.

தரையில் கிடக்கும் பழத்தின் அடியில் கொஞ்சம் வைக்கோலோ ஒரு பலகையோ வையுங்கள். இடம் குறைவு என்றால் சுகர் பேபி கொடியைப் பந்தலில் ஏற்றலாம். ஆனால் பழத்தின் கனத்தைக் கொடி தாங்காது. பழைய புடவைத் துணியில் தொட்டில் கட்டிப் பழத்தை அதில் வையுங்கள்.

8. எப்போது அறுப்பது?

மாம்பழத்தைக் காயாகப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழையும் அப்படித்தான். தர்பூசணி அப்படி இல்லை. கொடியிலிருந்து அறுத்தபின் இனிப்பு ஏறாது. முன்னால் அறுத்தால் முன்னால்தான். மூன்று மாத உழைப்பு ஒரு நிமிட அவசரத்தில் வீணாகும்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் வந்தது. பழம் ஒரு சிறு குடம்போல் பெருத்துவிட்டது.

"அத்தை, பெருசாயிடுச்சு. அறுத்துடலாமா? சின்னவன் தினமும் கேக்கிறான்."

"குச்சியைப் படி."

"மார்ச் 22."

"இன்னைக்கு என்ன தேதி?"

"ஏப்ரல் 12."

"அப்போ எத்தனை நாள் ஆச்சு?"

மருமகள் விரல் விட்டு எண்ணினாள். "இருபத்தொரு நாள்."

"முப்பத்தஞ்சு நாள் ஆகணும். இன்னும் பதினாலு நாள் இருக்கு. போன வருஷம் இந்தக் கணக்குத் தெரியாமத்தான் வெள்ளைக் காயை அறுத்தோம்."

பூவில் மகரந்தம் சேர்ந்த நாளிலிருந்து 30 முதல் 35 நாள் வரை ஆகும். சிறிய ரகமும் நல்ல வெயிலும் என்றால் 30 நாளுக்கு மேல் தினமும் பார்த்து வாருங்கள். நாள் கணக்கோடு மூன்று அடையாளங்களையும் பாருங்கள்.

ஒன்று: பழத்தின் காம்பு சேரும் இடத்தில் ஒரு சுருள் கம்பி இருக்கும். அது பச்சையாக இருந்தால் பழுக்கவில்லை. காய்ந்து பழுப்பாகிவிட்டால் பழுத்துவிட்டது.

இரண்டு: பழம் தரையில் படும் இடத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் காய். மஞ்சளாக மாறியிருந்தால் பழம்.

மூன்று: விரலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் காய். மந்தமாகத் தொப்பென்று கேட்டால் பழம்.

தட்டிப் பார்ப்பதற்குப் பழக்கம் வேண்டும். ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள். நாள் கணக்கும் அடையாளங்களும் ஒத்துப்போக வேண்டும்.

அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். கொடி வாடாத அளவுக்கு ஊற்றினால் போதும். பழம் நன்றாக இனிக்கும். அறுக்கும்போது பிய்த்து இழுக்காதீர்கள். இரண்டு அங்குலக் காம்போடு கத்தியால் வெட்டுங்கள்.

மாமியார் நோட்டில் கடைசி வரி எழுதினார்.

அறுத்த நாள்: ஏப்ரல் 26.

விதைத்த நாளிலிருந்து 84 நாள். எடை நான்கு கிலோ. கத்தி பட்டதும் பழம் சடசடவென்று பிளந்தது. உள்ளே செக்கச் செவேல்!

வெட்டிய பழத்தைத் திறந்து வைக்காதீர்கள். ஈ மொய்க்கும். அன்றே சாப்பிட்டுவிடுங்கள். சிவப்புச் சதைக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள வெள்ளைப் பகுதியையும் எறிய வேண்டாம். மேல் தோலைச் சீவிவிட்டு, பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம். சுரைக்காய்க் கூட்டுப் போலவே இருக்கும்.

9. அடுத்த ஆண்டுக்கு விதை

பழத்தில் நிறைய விதை இருக்கிறது. அதை அடுத்த வருடம் போடலாமா?

பொட்டலத்தில் வீரிய ஒட்டு விதை என்று இருந்தால் எடுத்து வைக்க வேண்டாம். அதன் பழத்து விதை முளைக்கும். ஆனால் தாய்ப் பழம் போலவே பிள்ளைப் பழம் வராது. சுகர் பேபி, அர்கா மாணிக் போன்ற சாதாரண ரகத்தின் விதையை எடுத்து வைக்கலாம். பக்கத்து வீட்டில் வேறு தர்பூசணி ரகம் பூத்திருந்தால் தேனீ மூலம் கலப்பு உண்டாகலாம். அதையும் நினைவில் வையுங்கள்.

கடையில் விதையில்லாத தர்பூசணியும் வருகிறது. ஜப்பான் நாட்டு விஞ்ஞானி கிஹாரா இருபதாம் நூற்றாண்டில் அதை உருவாக்கினார். அந்தப் பழத்தில் இருக்கும் மெல்லிய வெள்ளை விதைகள் முளைக்காது.

நன்றாகப் பழுத்த பழத்தின் கறுத்த விதைகளை எடுங்கள். நன்றாகக் கழுவுங்கள். தண்ணீரில் போட்டால் மிதப்பதை எறிந்துவிடுங்கள். மூழ்குவதை நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். கொஞ்சம் சாம்பல் கலந்து, காய்ந்த பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். பாட்டிலின் மேல் ரகத்தின் பெயரையும் எடுத்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். இப்போது உங்கள் வீட்டு விதைக்கும் ஒரு சீட்டு உண்டு!

மேலும் விவரம் தேவை என்றால் எங்கே கேட்பது? புனேயில் சிவாஜி நகரில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கோர்படிக்குப் பக்கத்தில் எம்ப்ரஸ் தோட்டம் இருக்கிறது. அங்கே ஜனவரி மாதம் மலர்க் கண்காட்சி நடப்பது வழக்கம். செடி வளர்ப்பவர்கள் பலரைச் சந்திக்கலாம். தயங்காமல் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

10. நினைவில் வைக்க

பொட்டலத்தின் தேதியைப் படித்து விதை வாங்குவோம்.
குளிர் குறையும்போது விதைப்போம். மழைக்கு முன் அறுப்போம்.
ஒரு குழிக்கு ஒரு நல்ல செடி விடுவோம்.
பெண் பூவில் மகரந்தம் சேர்த்த நாளைக் குச்சியில் எழுதுவோம்.
நாளை எண்ணி, அடையாளம் பார்த்து அறுப்போம்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. தர்பூசணியின் பிறந்த வீடு ________.
2. பெண் பூவின் அடியில் ________ இருக்கும்.
3. பூவில் மகரந்தம் சேர்க்கும் சிறு உயிர் ________.
4. தரையில் படும் இடம் ________ நிறமானால் பழம் பழுத்துவிட்டது.

ஆ. கணக்குப் போடுங்கள்.

1. முளைப்பு 60 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. 20 விதை போட்டால் எத்தனை முளைக்கும்?
2. மார்ச் 28-இல் பூவில் மகரந்தம் சேர்த்தீர்கள். 35 நாள் கழித்து எந்தத் தேதி வரும்?
3. இன்று வாங்கும் பொட்டலத்தில் சோதித்த தேதியைப் பாருங்கள். சோதித்து எத்தனை மாதம் ஆகிறது?

இ. பேசிப் பாருங்கள்.

1. மாமியாருக்கு வயல் வேலை தெரியும். இருந்தும் முதல் வருடம் ஏன் பலன் கிடைக்கவில்லை?
2. மூன்று செடியில் இரண்டை வெட்டியது சரியா? ஏன்?
3. உங்கள் வீட்டில் தேதி எழுதி வைத்தால் பயன் தரும் வேலைகள் வேறு என்ன?

ஈ. உங்கள் நோட்டில் எழுதுங்கள்.

என் கொடியின் ரகம்: ________
விதைத்த நாள்: ________
முளைத்த நாள்: ________
மகரந்தம் சேர்த்த நாள்: ________
அறுத்த நாள்: ________
பழத்தின் எடை: ________

விடைகள்: அ. 1. ஆப்பிரிக்கா 2. பிஞ்சு 3. தேனீ 4. மஞ்சள். ஆ. 1. பன்னிரண்டு 2. மே 2.